அம்மாக்கு வசனம் விளங்குதில்ல, பெரிய சென்டர் ஸ்பீக்கர் ஒண்டு சொந்தமா அடிக்கப் போறன், டிசைன் சரியா?

கல்லடிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடி. வீட்டு ஹோல்ல சின்னதா ஒரு ஹோம் தியேட்டர் வெச்சிரிக்கன், 5.1 ரிசீவர், முன்னுக்கு ரெண்டு ஸ்பீக்கர், 10 இஞ்ச் சப்வூபர், நடுவுக்கு மட்டும் வசனம் வாற சென்டர் ஸ்பீக்கர், அது செட்டோட வந்த குட்டிதான், 3 இஞ்ச் கோன் ரெண்டும் நடுவுல மேல் சத்தத்துக்கு ஒரு டுவீட்டரும். பிரச்சின என்னெண்டா எங்கட அம்மாக்கு வசனம் விளங்குதில்ல. அம்மா நடு சோபாவுல இரிக்க மாட்டா, யன்னலடியில இரிக்கிற சாய்மனைக் கதிரைதான் அவக்கு, காத்து வாற இடம் எண்டு. டீவியில இருந்து சோபா 3 மீற்றர், அம்மாட கதிரை நடுவுல இருந்து ஒண்டரை மீற்றர் இடப் பக்கம் விலகி இரிக்கு. படம் போட்டா ஒவ்வொரு வசனத்துக்கும் "என்ன மனே சொன்னவன்?" எண்டு கேப்பா, நான் திருப்பிச் சொல்ல முதல் அடுத்த வசனம் போயிரும். இப்ப கொஞ்ச நாளா கேக்கிறதையும் விட்டுட்டா, சும்மா படத்தப் பாத்துக்கிட்டு இரிக்கிறா. அதுதான் எனக்குத் தாங்கேலாம இரிக்கு.

அதனால பெரிய சென்டர் ஒண்டு அடிக்கலாம் எண்டு முடிவெடுத்தன். கொழும்பு புறக்கோட்டை 1ஆம் குறுக்குத் தெருவுல 8 இஞ்ச் வூபர் (கீழ் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) ரெண்டு வாங்கி, உதயதேவி ரயில்ல மடியில வெச்சிக் கொண்டு வந்தன். பெட்டியில இரிந்த தாளுல எப்எஸ் (கோன் தன்ட பாட்டுல அதிர்ற மீடிறன்) 36 ஹெர்ட்ஸ், கியூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கெதியா அடங்குது எண்டு காட்டுற எண்) 0.42, விஏஎஸ் (கோன்ட மிருதுக்குச் சமனான காத்துட அளவு) 52 லீற்றர், 8 ஓம் எண்டு போட்டிரிக்கு. எண்ட பிளான் 90 சென்ரிமீற்றர் நீளப் பெட்டி, ரெண்டு வூபரும் ரெண்டு பக்கம், நடுவுல 1 இஞ்ச் டுவீட்டர், சத்தத்த வூபருக்கும் டுவீட்டருக்கும் பிரிச்சிக் குடுக்க கடையில விக்கிற ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்ட், 2000 ஹெர்ட்ஸ்ல. பெட்டிக்கு எம்டிஎப் (மரத்தூளைப் பசை வெச்சி அமத்தின பலகை) நல்லமா பிளைவூட் நல்லமா, ஓட்டை விடுறதா மூடுறதா, இவ்வளவு பெருசா அடிச்சா வசனம் தெளிவா வருமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க, இன்னும் பலகை வெட்டல்ல.

செங்கலடி சவுண்ட்:

தம்பி, பலகை வெட்ட முதல் ரிசீவர்ல கை வெச்சிப் பாருங்க. சென்டர் லெவலை 3 டெசிபல் கூட்டுங்க, சென்டரை 'ஸ்மோல்' எண்டு போட்டு 80 ஹெர்ட்ஸ்ல வெட்டுங்க, அதுக்குக் கீழ வாறது சப்வூபருக்குப் போகும், தூரத்த டேப் வெச்சி அளந்து போடுங்க. நைட் மோட் எண்டு ஒண்டு இரிக்கும், அதப் போட்டா வெடிச் சத்தம் குறைஞ்சி பேச்சி மேல வரும். மறுகா இன்னொரு விசயம், ஹோல் டைல்ஸ் போட்டதா? நடுவுல நிண்டு ஒருக்கா கை தட்டிப் பாருங்க. 'டிங்' எண்டு ஒரு வால் இழுத்தா எந்த ஸ்பீக்கர் வெச்சாலும் பேச்சி கலங்கித்தான் வரும். நான் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் சவுண்ட் கட்டுற ஆள், வெறும் மண்டபத்துல ஐயர் மந்திரம் சொல்றது ஒரு சொல்லும் விளங்காது, சனம் வந்து நிறைஞ்ச புறகு அதே ஸ்பீக்கர் அதே லெவல்ல தெளிவா வரும். உங்களுக்கும் டீவிக்கும் நடுவுல தரையில பன் பாய் ரெண்டு விரிங்க, யன்னலுக்குத் தடிச்ச திரைச்சீல போடுங்க.

கல்லடிக்கரை:

அண்ணே, சொன்னதெல்லாம் செஞ்சி பாத்தன். டைல்ஸ்தான், கை தட்டினா வால் இழுக்குது, பாய் போட்ட புறகு நல்லாக் குறைஞ்சி போச்சி. 3 டெசிபல் கூட்டினா எனக்கு சோபாவுல சரியான தெளிவு. ஆனா அம்மாட கதிரையில நானே போய் இரிந்து கேட்டன், சத்தம் கூடியிரிக்கு, சொல் மட்டும் மழுங்கித்தான் வருது. ஒண்டரை மீற்றர் தள்ளினதுக்கு இவ்வளவு வித்தியாசம் ஏன்?

காரைதீவான்:

சென்டரே வேணாம் மச்சான், ரிசீவர்ல சென்டர் 'இல்ல' எண்டு போட்டுரு, முன்னுக்கு இரிக்கிற ரெண்டுமே நடுவுல குரலக் காட்டும். நான் அப்பிடித்தான் கேக்கிறன், ஒரு குறையும் இல்ல.

வந்தாறுமூலை டீச்சர்:

காரைதீவுத் தம்பி சொல்றது தனிய நடுவுல இரிந்து கேக்கிற ஆளுக்குச் சரி. பக்கத்துல இரிக்கிற ஆளுக்கு கிட்ட இரிக்கிற ஸ்பீக்கர்ட சத்தம் முந்திப் போய்ச் சேரும், குரல் முழுக்க அந்தப் பக்கம் இழுபட்டிரும். நடுவுல இரிக்கிறவருக்குமே ரெண்டு ஸ்பீக்கர்ட சத்தமும் ரெண்டு காதுக்கும் போறதால 2000 ஹெர்ட்ஸ் அளவுல ஒரு பள்ளம் விழும். இது புதுசாக் கண்டுபிடிச்ச விசயமும் இல்ல, 1933ல அமெரிக்காவுல பெல் டெலிபோன் ஆய்வுகூடத்து ஆக்கள் பிலடெல்பியாவுல வாசிச்ச இசையை டெலிபோன் லைன்ல வாஷிங்டனுக்கு அனுப்பி மண்டபத்துல கேக்க வெச்ச நேரம், இடம் வலம் எண்டு ரெண்டோட நிக்காம நடுவுலயும் ஒண்டு வெச்சி 3 சனல்தான் போட்டவங்க. அகலமான இடத்துல பல பேர் இரிந்தா நடுவுக்கு ஒண்டு வேணும். அம்மாக்கு சென்டர் கட்டாயம் வேணும்.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன் தம்பி. நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு பௌதிகம் படிப்பிக்கிறன், அலைத் தலையீடு பாடம் வந்தா வாவிக்கரைக் கதைதான் சொல்றது. அமைதியான தண்ணியில ஒரு முழ இடைவெளியில ரெண்டு கல்லை ஒரே நேரம் போட்டா ரெண்டு வட்டமும் விரிஞ்சி வரும், நேர முன்னுக்குப் பாத்தா அலை ரெண்டும் சேந்து உயரும், கொஞ்சம் பக்கத்துல ஒரு கோடு வழிய தண்ணி அசையாம கிடக்கும், ஒண்டின்ட மேடும் மத்ததின்ட பள்ளமும் அங்க ஒண்டா வந்து சேருறதால. உங்கட குட்டி சென்டர்ல ஒரே குரலைப் பாடுற கோன் ரெண்டு பக்கத்துல பக்கத்துல இரிக்கு. அம்மாட கதிரை நடுக் கோட்டுல இருந்து கிட்டத்தட்ட 27 பாகை விலகி இரிக்கு. ரெண்டு கோனுக்கும் நடுவுல ஒரு பதினஞ்சரை சென்ரிமீற்றர் எண்டு வெச்சிப் பாத்தா, ஒரு கோன்ட சத்தம் மத்ததை விட 7 சென்ரிமீற்றர் கூடப் பயணம் செஞ்சிதான் அம்மாட காதுக்கு வரும். 7 சென்ரிமீற்றர் அரை அலைநீளமா வாற மீடிறன் 2500 ஹெர்ட்ஸ் அளவு. அந்த இடத்துல ரெண்டும் ஒண்டையொண்டு அழிக்கும். காய், தாய், பாய் எண்டு மூண்டு சொல்லுக்கும் முதல் எழுத்துத்தான் வித்தியாசம், அந்த எழுத்தப் பிரிச்சிக் காட்டுற சத்தம் 1000ல இருந்து 4000 ஹெர்ட்ஸ்குள்ளதான் கூடுதலா இரிக்கு. வயசு போகப் போக காதுல முதல் குறையிறதும் மேல் மீடிறன்தான். அப்ப அம்மாக்கு ஏற்கனவே குறைவா வாற இடத்துலயே ஸ்பீக்கரும் பள்ளம் தோண்டி வெச்சிரிக்கு. லெவலைக் கூட்டினா பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் இரிக்கிறதுதான் கூடும், பள்ளம் பள்ளமாத்தான் கிடக்கும்.

நீங்க போட்ட பெரிய டிசைனும் இதே வடிவம்தான் தம்பி, சொல்லக் கஸ்டமா இரிக்கு. 8 இஞ்ச் வூபர் ரெண்டுக்கு நடுவுல டுவீட்டர் வெச்சா மையத்துக்கு மையம் 34 சென்ரிமீற்றர் வரும், அம்மாட கதிரையில பள்ளம் 1100 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். 2000 வரைக்கும் ரெண்டு வூபரும் ஒண்டாப் பாடுறதால அத மறைக்க வழியில்ல. பெட்டி பெருசாகும், பள்ளம் வேற இடத்துக்கு மாறும், அவ்வளவுதான். வூபர் டுவீட்டர் வூபர் எண்ட இந்த அமைப்பை டி'அப்போலிட்டோ எண்ட ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் 1983ல சொன்ன நேரம் நிமித்தி வைக்கத்தான் சொன்னவர், அப்பிடி வெச்சா பள்ளம் மேலயும் கீழயும் விழும், ஆக்கள் இரிக்கிறது பக்கவாட்டுல. டீவிக்குக் கீழ அடக்க வேணும் எண்டுதான் அதப் படுக்கப் போட்டாங்க.

நம்பிக்கை வரல்லயெண்டா ஒரு சதமும் செலவழிக்காம ஒரு சோதனை இரிக்கு. உங்கட குட்டி சென்டரை நிமித்தி வெச்சி, அம்மாவ அவட கதிரையில இருத்தி ஒரு படம் போடுங்க. வேற ஒண்டையும் மாத்தாதீங்க.

கல்லடிக்கரை:

டீச்சர், இத எப்பிடி எழுதுற எண்டே தெரியல்ல. நேத்து இரவு சென்டரை ஒரு ஸ்டூல்ல நிமித்தி டீவிக்குப் பக்கத்துல வெச்சன், அம்மாக்கிட்ட ஒண்டும் சொல்லல்ல. பழைய படம் ஒண்டு ஓடிச்சி. அஞ்சி நிமிசம் போயிருக்கும், பகிடி ஒண்டு வந்திச்சி, நான் சிரிக்க முதல் அம்மா சிரிச்சிட்டா. நான் திரும்பிப் பாத்தன், அவ என்னயப் பாக்கல்ல, டீவியத்தான் பாத்துக்கிட்டிரிந்தா. புறகு வேணுமெண்டு சென்டரைப் படுக்க வெச்சன், ரெண்டு நிமிசத்துல "சத்தத்தக் கொஞ்சம் கூட்டு மனே" எண்டா. மறுகா நிமித்தினன், ஒண்டும் சொல்லல்ல.

அப்ப நிமித்தி வெச்சே விடலாமா எண்டா, டீவி நடுவுல இரிக்கு, ஸ்டூல் பக்கத்துல, குரல் வலப் பக்கத்துல இருந்து வருது. டீவியை மேல ஏத்தினா அம்மாக்குக் கழுத்து நோகும். படுக்கிற பெட்டியாத்தான் இரிக்க வேணும். வாங்கின வூபர் ரெண்டும் வீணா?

வந்தாறுமூலை டீச்சர்:

வீணில்ல, நல்லா உதவும். நடுவுல 4 இஞ்ச் மிட் (நடுச் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) ஒண்டு, அதுக்கு நேர் மேல டுவீட்டர், ரெண்டு பக்கமும் உங்கட வூபர். வூபர் ரெண்டும் 350 ஹெர்ட்ஸ்க்கு மேல பாடாம நிக்கட்டும். 350ல அலைநீளம் கிட்டத்தட்ட 1 மீற்றர், 34 சென்ரிமீற்றர் இடைவெளி அதுக்கு முன்னால சின்னன், 30 பாகை தள்ளி இரிந்தாலும் குறையிறது 1 டெசிபல் சொச்சம்தான், காதுக்குத் தெரியவே தெரியாது. அதுக்கு மேல வாற பேச்சி முழுக்க ஒரே ஒரு மிட்டும் ஒரே ஒரு டுவீட்டரும். ரெண்டும் மேலயும் கீழயும் இரிக்கிறதால பக்கவாட்டுல சண்டை இல்ல. 8 இஞ்ச் கோன் 2000 ஹெர்ட்ஸ் கிட்டப் போனா டோர்ச் வெளிச்சம் மாதிரி ஒடுங்கிப் போகும், 1 இஞ்ச் டோம் டுவீட்டரால அதுக்குக் கீழ சும்மா இறங்கவும் ஏலாது, அந்த இடைவெளியை நிரப்பவும் மிட் வேணும். ஒரு செலவு கூடுது, ஆனா அந்த ஒண்டுலதான் அம்மாட காது இரிக்கு.

சாய்ந்தமருது காக்கா:

வணக்கம் தம்பி. டீச்சர் சொன்ன வடிவத்துல நான் ஒண்டு அடிச்சி வெச்சிரிக்கன், அதால பெட்டி விசயம் நான் சொல்றன்.

ஓட்டை விடாதீங்க, மூடுங்க. உங்கட வூபர்ட கணக்கப் போட்டுப் பாத்தன். மூடின பெட்டிக்கு நல்லது எண்டு எடுக்கிற கியூ 0.707, அத உங்கட கியூடிஎஸ் 0.42ஆல பிரிச்சா 1.68, அத வர்க்கம் எடுத்து ஒண்டைக் கழிச்சா 1.83, 52 லீற்றரை அதால பிரிச்சா ஒரு வூபருக்கு 28 லீற்றர் சொச்சம், ரெண்டுக்கும் 57. அந்த அளவு மூடின பெட்டியில 60 ஹெர்ட்ஸ் அளவுல சத்தம் இறங்கத் தொடங்கும், நீங்க சப்வூபருக்கு 80ல பிரிச்சிக் குடுக்கிறதால அது தாராளம். ஓட்டை விட்டு 40 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறக்கி ஒரு வேலையும் இல்ல, அதெல்லாம் சப்புட வேலை. அதோட சுவரோட ஒட்டின டீவி மேசையில வைக்கிற பெட்டிக்குப் பின்னால ஓட்டை இரிந்தா ஆம்பிளக் குரல் குடத்துக்குள்ள பேசின மாதிரி வரும். வெளி அளவு 90க்கு 30க்கு 34 சென்ரிமீற்றர் வெச்சி 18 மில்லிமீற்றர் பலகையில அடிச்சா உள்ளுக்கு 69 லீற்றர், மிட்டுக்கு அடிக்கிற உள்பெட்டி, குறுக்குக் கட்டை, வூபர்ட உடம்பு எல்லாம் கழிச்சா 58, 59 நிக்கும். சரியா வரும்.

மிட்டுக்குத் தனி அறை கட்டாயம், அத விட்டா வூபர் தள்ளுற காத்து மிட்டுட கோனைப் பின்னால இருந்து தள்ளி குரலே நடுங்கும். 14க்கு 13க்கு 23 சென்ரிமீற்றர் உள்ளளவுல சின்னப் பெட்டி ஒண்டு அடிச்சி முகப்புப் பலகைக்குப் பின்னால ஒட்டிருங்க, 4 லீற்றர் வரும், வயர் போற ஓட்டையையும் சிலிக்கன் வெச்சி அடைங்க. தலகாணிக்கு அடைக்கிற பொலியெஸ்டர் பஞ்சை அதுக்குள்ள லேசா நிரப்புங்க, அமத்தி அடைக்க வேணாம். வூபர் அறைக்கும் அதேதான். இலவம்பஞ்சு மட்டும் வேணாம், எங்கட ஈரத்துக்கு கட்டி பட்டு ஒரு மூலையில குந்திரும்.

இப்ப பலகை. இதுல நான் பட்டுத்தான் படிச்சன். முதல் பெட்டி எம்டிஎப்பாலதான் அடிச்சன், வெட்ட லேசு, மட்டமா இரிக்கும், பெயின்டும் வடிவா ஏறும். 2024 நவம்பர் வெள்ளத்துக்குள்ள வீட்டுக்குள்ள தண்ணி வரல்ல, ஆனா ஒரு கிழமை முழுக்க சுவர் வேர்த்துக்கிட்டு நிண்டிச்சி. மழை விட்ட புறகு பெட்டியைத் தூக்கினா அடிப் பலகைட விளிம்பு தேத்தண்ணியில தோச்ச ரஸ்க் மாதிரி ஊதிக் கிடக்கு, நகத்தால கீறினா பொலபொலண்டு கொட்டுது. விளிம்புக்கு சீலர் அடிக்காம விட்டது எண்ட பிழைதான், மேலயும் பக்கமும் பெயின்ட் இரிக்கு, அடியில யார் பாக்கப் போறா எண்டு விட்டன். அடியாலதான் ஈரம் ஏறினது. இப்ப இரிக்கிற பெட்டி 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட், விலை கூடத்தான், ஆனா வாடைக்காத்துக்கு அசையாம நிக்கிது. எம்டிஎப்தான் முடியும் எண்டா வெட்டின விளிம்பு எல்லாத்துக்கும் வெள்ளைப் பசையைத் தண்ணியில கரைச்சி ரெண்டு தரம் பூசிக் காய வெச்சி, மேல சாண்டிங் சீலர் அடிச்சி, அடியில ரப்பர் கால் வெச்சி மேசையில இருந்து ஒரு விரல் உயத்துங்க. முகப்புக்கு தேக்கு, முதிரை எண்டு ஆசைப்படாதீங்க, ஓடாவியும் அதத்தான் சொல்லுவார் வடிவா இரிக்கும் எண்டு, ஆனா முழு மரம் மாரிக்கு விரியும் கோடைக்குச் சுருங்கும், 90 சென்ரிமீற்றர் பலகை ஒரு வருசத்துல வெடிப்பு விட்டு அதால காத்து சீறும்.

90 சென்ரிமீற்றர் நீளம் எண்டதால மேல் பலகையும் அடிப் பலகையும் மேளத்தோல் மாதிரி அதிரப் பாக்கும். வூபருக்கும் மிட்டுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் குறுக்குப் பலகை ஒவ்வொண்டு வைங்க, நடுவுல பெரிய ஓட்டை வெட்டி. ரெண்டையும் ஒரே தூரத்துல வைக்காம ஒண்டைக் கொஞ்சம் தள்ளி வைங்க. ஒட்டிக் காஞ்ச புறகு விரல் முட்டியால தட்டிப் பாருங்க, தேங்காய் தட்டுற மாதிரி ஒவ்வொரு இடமா. 'தொம்' எண்டு இழுத்தா இன்னும் ஒரு கட்டை வேணும், 'டக்' எண்டு செத்த சத்தம் வந்தா போதும்.

கடக்கரைக்குக் கிட்ட இரிக்கிறீங்க, உப்புக்காத்து. வூபர்ட விளிம்பு ரப்பரா போமா எண்டு பாருங்க, போம் எண்டா எங்கட பக்கம் கெதியா உக்கிரும். டேர்மினல்ல செம்பு வயரை முறுக்கி விடாம ஈயம் வெச்சி ஒட்டுங்க, பச்சை பிடிக்காது. முன் துணிக்கு மருதமுனைக் கைத்தறி போட ஆசையெண்டா போடுங்க, நானும் அதத்தான் போட்டிரிக்கன், ஆனா வாங்க முதல் துணியை வாயோட வெச்சி ஊதிப் பாருங்க, அங்கால பிடிச்ச கையில காத்து படவேணும். இறுக்கி நெஞ்ச சாரம் துணி டுவீட்டர் சத்தத்த விடாது.

முடிஞ்சா ஒரு 30 கிலோ வரும். கண்ணாடி மேசையில வைக்காதீங்க.

கல்லடிக்கரை:

காக்கா, பெரிய உபகாரம். வூபர் விளிம்பு ரப்பர்தான். பிளைவூட்டுக்கே போறன், 8க்கு 4 பலகை ஒண்டு போதும் போல இரிக்கு. ரெண்டு சந்தேகம். வூபர் ரெண்டையும் சேத்தா 4 ஓம் வரும், ரிசீவர்ட பின்னால 6 ஓமுக்குக் குறைய வேணாம் எண்டு எழுதியிரிக்கு. மத்தது அந்த ரெடிமேட் கிராஸ்ஓவரை என்ன செய்ற?

சாய்ந்தமருது காக்கா:

ரெடிமேட் போர்ட்டை விட்டுருங்க தம்பி, அது எந்த ஸ்பீக்கருக்கு எண்டு அதுக்கே தெரியா. கொயிலும் கெப்பாசிட்டரும் வாங்கி கிராஸ்ஓவரையும் சொந்தமா அடிங்க.

ஓம் விசயத்துல ரெண்டு வழி. தொடரா இணைச்சா 16 ஓம், ரிசீவருக்கு ஒரு பாரமும் இல்ல, ஆனா 350 ஹெர்ட்ஸ்ல வெட்ட 14 மில்லிஹென்றிக்கு மேல கொயில் வேணும், கைப்பிடி அளவு செம்பு, விலையும் அப்பிடி. பக்கம் பக்கமா (சமாந்தரமா) இணைச்சா 4 ஓம், கொயில் 3.6 மில்லிஹென்றி, கெப்பாசிட்டர் 57 மைக்ரோபாரட். நான் செஞ்சது இதுதான். 80க்குக் கீழ ரிசீவரே வெட்டுறதால பாரமான பகுதி சப்புக்குப் போயிரிது, வீட்டு லெவல்ல கேக்கிறதுக்கு எண்ட ரிசீவர் ஒரு நாளும் தன்னால நிண்டதில்ல. ஆனா அது என்னோடது, உங்கடதுல 6 ஓம் எண்டு எழுதினது சும்மா இல்ல, கூட்டி வெச்சி ஒரு மணித்தியாலம் ஓட விட்டு மேல கை வெச்சிப் பாருங்க, கை வைக்கேலாத சூடெண்டா லெவலைக் குறைங்க இல்லாட்டி சென்டருக்குத் தனி அம்ப்ளிபயர் போடுங்க. ரிசீவரை அலுமாரிக்குள்ள பூட்டி வைக்க வேணாம்.

பக்கம் பக்கமா இணைக்கிறதுல ஒரு சிக்கல் இரிக்கு, கணக்க பேர் அதுலதான் விழுறது. ஒரே அளவு வோல்ட் குடுக்கக்குள்ள ஒரு வூபர் போடுற சத்தம் 88 டெசிபல் எண்டா ரெண்டும் சேந்தா 94. சுவரடியில வைக்கிற பெட்டியில கீழ் சத்தம் முகப்பச் சுத்திப் பின்னால போறதால இழக்கிற ஒரு 3 டெசிபலைக் கழிச்சாலும் 91. 87 டெசிபல் மிட் வாங்கி வெச்சா குரல் வூபருக்குப் பின்னால ஒளிச்சிரும், வூபரைக் குறைக்க ரெசிஸ்டர் போடவும் ஏலாது. மிட் வாங்கக்குள்ள 91, 92 டெசிபல் எண்டு பாத்து வாங்குங்க. டுவீட்டர் அதவிடக் கூடத்தான் இரிக்கும், அதக் குறைக்கிறது லேசு. மிட்டுக்கும் டுவீட்டருக்கும் நடுவுல 2500ல பிரிங்க.

நான் சொன்ன கொயில் கெப்பாசிட்டர் கணக்கெல்லாம் ஸ்பீக்கரை வெறும் ரெசிஸ்டரா நினைச்சிப் போட்டது, உண்மையில ஸ்பீக்கர்ட ஓம் ஒவ்வொரு மீடிறனுக்கும் மாறும். அதால பெட்டியை அடிச்சி, ஸ்பீக்கரைப் பூட்டி, அளந்த புறகுதான் கடைசி அளவு வாங்கணும். யூஎஸ்பி மைக் ஒண்டு கடன் வாங்கினாலும் பரவால்ல, ரூம் ஈக்யூ விசார்ட் எண்ட சொப்ட்வெயார் சும்மா கிடைக்கும், விட்யுக்ஸ்கேட் எண்டதும் சும்மாதான், அதுல உங்கட அளவைப் போட்டா கிராஸ்ஓவரை அதுலயே அடிச்சிப் பாக்கலாம். அளக்கக்குள்ள நேர முன்னுக்கு மட்டும் அளக்காம அம்மாட கதிரை இரிக்கிற 27 பாகையிலயும் மைக்கை வெச்சி அளங்க. திரையில வாற ரெண்டு கோடும் ஒண்டுக்கு மேல ஒண்டு படுத்திரிந்தா வேலை முடிஞ்சிது.

வயர் பூட்ட முதல் 1.5 வோல்ட் பென் பெட்டரி ஒண்டு எடுத்து வூபர்ட பிளஸ்ல பிளஸ்ஸைத் தொடுங்க, கோன் ரெண்டும் வெளிய தள்ள வேணும். ஒண்டு உள்ள போனா அதுட அடையாளம் மாறியிரிக்கு. டுவீட்டருக்கு இத செய்யாதீங்க.

செங்கலடி சவுண்ட்:

காக்கா எல்லாம் சொல்லிட்டார், நான் ஒண்டு சொல்றன். வைக்கிற விதம். பெட்டிட முகப்பு மேசை விளிம்போட ஒட்டி வரணும், உள்ளுக்குத் தள்ளி வெச்சா மேசையில பட்டுத் தெறிச்சி வாற சத்தம் குரலோட கலக்கும். கதிரையில இரிக்கிற ஆள்ட காது ஒரு 95 சென்ரிமீற்றர் உயரம், உங்கட பெட்டி நடு 50ல இரிக்கும், அப்ப முன் பக்கத்த 5 சென்ரிமீற்றர் உயத்திச் சாய்ச்சா நேரா முகத்துக்கு வரும். கட்டை வெச்சி உயத்தக்குள்ள பின்னால வழுகாம ரப்பர் வைங்க, 30 கிலோ கால்ல விழுந்தா தெரியும்.

கல்லடிக்கரை:

ஒரு மாசத்துக்குப் புறகு வாறன், மன்னிக்கணும். பெட்டி முடிஞ்சிது. பிளைவூட், சீலர் மூண்டு தரம், அடியிலயும்தான் காக்கா. தட்டிப் பாத்தா இடப் பக்கம் மேல் பலகையில மட்டும் 'தொம்' எண்டு ஒரு வால் இரிந்திச்சி, இன்னுமொரு கட்டை வெச்சன், போயிட்டு. 92 டெசிபல் மிட் ஒண்டு கிடைச்சிது. சொந்தக்காரப் பொடியன் ஒருவன்ட மைக்கை வாங்கி அளந்தன், 300ல இருந்து 5000 வரைக்கும் நேர வாற கோடும் அம்மாட கதிரைக் கோடும் ரெண்டு டெசிபலுக்குள்ள ஒண்டாப் போகுது. பழைய குட்டி சென்டரையும் சும்மா ஒருக்கா அளந்து பாத்தன் டீச்சர், அம்மாட பக்கம் 2400 கிட்ட கிணறு மாதிரி ஒரு பள்ளம். நீங்க பேப்பர்ல போட்ட கணக்கு சுவரடியில இரிந்த பெட்டியில அப்பிடியே வந்து நிக்கிது. ரிசீவரும் ஒரு முழுப் படம் ஓடின புறகு மெல்லிய சூடுதான்.

டுவீட்டர் மட்டும்தான் இன்னும் முடிவாகல்ல. அதுட பில்டருக்கு முன்னால 2.2 ஓம் ரெசிஸ்டர் போட்டா 2 டெசிபல் குறையுது, எனக்குக் கொஞ்சம் கூர்மையாக் கேக்குது. 3.3 போட்டா 3 டெசிபல், எனக்கு அது அளவு.

வந்தாறுமூலை டீச்சர்:

நல்ல வேலை செஞ்சிரிக்கீங்க தம்பி, அந்தப் பள்ளத்துட படத்த அனுப்புங்க, பிள்ளைகளுக்குக் காட்ட வேணும். ரெசிஸ்டரை உங்கட காதுக்கு முடிவெடுக்காதீங்க. உங்களுக்குக் கூர்மை எண்டு படுறது அவட காதுக்குச் சமனா இரிக்கலாம்.

கல்லடிக்கரை:

அதேதான் நானும் நினைச்சன் டீச்சர். பெட்டிக்குப் பின்னால ரெண்டு ஸ்குரூ விட்டு ரெசிஸ்டரை வெளியிலயே பூட்டியிரிக்கன், கழட்டி மாத்த அரை நிமிசம். ஞாயித்துக்கிழமை பின்னேரம் அம்மாவ யன்னலடியில இருத்தி, எது எண்டு சொல்லாம ரெண்டையும் மாத்தி மாத்திப் போடப் போறன்.